மனபாரத்துக்கு எந்தக் கைவேலை? வடசென்னையிலிருந்து ஓர் ஒப்பீடு

மனம் சரியில்லாதபோது வரைவது, மண் பிசைவது, பாடுவது, தைப்பது எல்லாம் உதவும் என்பதில் இன்று பெரிதாகச் சண்டை இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2019-இல் கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 900-க்கும் மேற்பட்ட ஆய்வு வெளியீடுகளைத் திரட்டி அலசியிருந்தார்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்குத் தேவைப்படும்போது அந்த அறிக்கை கைகொடுப்பதில்லை. எதைச் செய்யச் சொல்வது, எங்கே அனுப்புவது, எவ்வளவு ஆகும், பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் கேள்வியாகிறது.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி இரண்டு பேரை முன்னிட்டு வந்தது. ஒருவர் கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் சித்தி. சித்தப்பா போனபிறகு சமைக்கிறார், சாப்பிடுகிறார், ரேஷன் கடைக்குப் போய் வருகிறார். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. இன்னொருவன் பெரம்பூரில் இருக்கும் அக்கா மகன். பிளஸ் டூ படிக்கிறான். ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது, பரீட்சை என்றால் கை நடுங்குகிறது. இரண்டு பேருக்கும் ஒரே வழி சரிப்படாது என்பது தெரிந்ததுதான். எதை வைத்துப் பிரிப்பது என்பதில் ஆளுக்கொன்று சொன்னோம். செலவு என்றார் அத்தான். ஆர்வம் என்றாள் அக்கா. நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் வேறு: செய்து முடித்ததை யார் பார்க்கப் போகிறார்கள்? யாருமே பார்க்கக்கூடாது என்று சிலருக்கு இருக்கும். ஒரே ஒரு ஆள் பார்த்தால் போதும் என்று சிலருக்கு. நாலு பேர் கூடப் பார்த்தால்தான் பாரம் இறங்கும் என்பவர்களும் உண்டு. இதைத் தீர்மானித்துக்கொண்டால் ஓவியமா மண்ணா என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் எல்லோரும் சொல்வது, செலவே இல்லாத வழி. ஒரு நோட்டு வாங்கிக் கொடு, தோன்றியதை எழுதட்டும், வரையட்டும். எழுதுவதற்குப் பழைய ஆதாரம் இருக்கிறது. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை, வாழ்க்கையில் நடந்த மிக மோசமான சம்பவத்தைப் பற்றி நாலு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்திருந்தது. இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எழுதியதை வேறு யாரும் எடுத்துப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் கொருக்குப்பேட்டையில் ஒரே அறை வீட்டில் எங்கிருந்து வரும்? பீரோவுக்குச் சாவி உண்டு, ஆனால் அந்தச் சாவி எங்கே தொங்குகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமியாரைப் பற்றி ஒரு வரி எழுதினால் ராத்திரிக்குள் மாமியாருக்குத் தெரிந்துவிடும். தனி அறை உள்ளவர்களுக்கு நோட்டு நல்ல வழி. மற்றவர்கள் எழுதிக் கிழித்துப் போடலாம், அதிலும் தவறில்லை. ஆனால் நோட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, "என்ன எழுதினே?" என்று கேட்கிற வீடாக இருந்தால், கொடுக்காமல் இருப்பதே மேல்.

வெறும் தாளைக் கொடுத்து மனசில் பட்டதை வரை என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு, குறிப்பாகப் பதற்றக்காரர்களுக்கு. கரி, காசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-இல் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். 84 மாணவர்களை முதலில் பயந்த சம்பவம் ஒன்றை நினைக்க வைத்து, அப்புறம் சிலரிடம் மண்டலா எனப்படும் வட்ட வடிவப் படத்தையும், சிலரிடம் கட்டம் போட்ட வடிவத்தையும், சிலரிடம் வெறும் தாளையும் வண்ணம் தீட்டக் கொடுத்தார்கள். வட்டத்திலும் கட்டத்திலும் தீட்டியவர்களுக்குப் படபடப்பு நன்றாக இறங்கியது. வெறும் தாள் வாங்கியவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிக்குக் கோலம்தான் நினைவுக்கு வந்தது. புள்ளி வைத்தாயிற்று என்றால் எங்கே வளைக்க வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்று பாதி முடிவு ஏற்கெனவே ஆகிவிடுகிறது. கோலத்தை வைத்து அப்படி யாரும் சோதித்தார்கள் என்று நான் சொல்லவில்லை, இது என் ஊகம். இன்னொரு வசதியும் உண்டு: வாசலில் எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. மத்தியானத்துக்குள் மிதிபட்டு அழிந்தும்விடும். ஹவுசிங் போர்டு மாடிகளில் வாசல் என்பதே பொது நடைதான் என்பதால், எதிர்வீட்டு அம்மாவோடு முதலில் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஓவிய வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அக்காவின் தேர்வு அதுதான். பிள்ளைகளுக்கு அரசின் ஜவகர் சிறுவர் மன்றம் உண்டு. 5 வயது முதல் 16 வயது வரை ஓவியம், பாட்டு, நடனம் எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள், கட்டணமும் குறைவு. தெருவுக்குத் தெரு தனியார் டிராயிங் கிளாஸ் இருக்கிறது. லோயர் கிரேடு, ஹயர் கிரேடு என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வும் இருக்கிறது. கையில் திறமை கூடுவது மனதுக்குத் தெம்புதான், அதை மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் பார்வையாளர் ஆசிரியர். அவர் ஆப்பிளின் நிழல் சரியான பக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார், பார்ப்பதற்குத்தான் சம்பளம். பரீட்சை என்றாலே நடுங்குகிற பையனை இன்னொரு பரீட்சைக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. படிப்பில் தோற்று, "எனக்கு எதுவுமே வராது" என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வேண்டுமானால் இதே வகுப்பு நல்ல மருந்தாகலாம்.

மண்ணுக்கு வருகிறேன். வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, குயவர்கள் இருக்கும் கொசப்பேட்டை. புரசைவாக்கத்துக்கும் புளியந்தோப்புக்கும் நடுவில், பெரம்பூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். விநாயகர் சிலைக்கும் கொலு பொம்மைக்கும் ஊரே அங்கே போகிறது. மண் வேண்டும் என்று கேட்டால் ஓர் உருண்டை விற்பார்கள். அங்கே சிகிச்சை, வகுப்பு என்று எதுவும் கிடையாது. மண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஆவணி, புரட்டாசியில் போய்க் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்க நேரமிருக்காது அவர்களுக்கு.

மண் ஏன்? 2016-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் குழுவும் 39 பேரை 45 நிமிடம் கலைவேலை செய்ய விட்டுப் பார்த்தார்கள். களிமண், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுப்படம் என்று பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் அளவை எடுத்தார்கள். மன அழுத்தத்தில் உடம்பு சுரக்கும் சுரப்பு அது. நாலில் மூன்று பேருக்குக் குறைந்திருந்தது. முன்பு கலைப் பழக்கம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. மீதி நாலில் ஒருவருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இதை விளம்பரங்களில் யாரும் சொல்வதில்லை. ஆக, வரையத் தெரியாது என்பது ஒரு தடையே இல்லை. அப்படியிருக்க மண்ணை நான் தனியாகப் பிரித்து உயர்த்துவதற்குக் காரணம் என் அளவுகோல்தான். சுடாத மண்ணைத் தண்ணீரில் போட்டால் மறுபடியும் சேறு. மனதில் இருப்பதை முகமாகவோ மிருகமாகவோ பிடித்து வைத்து, யாராவது வரும் சத்தம் கேட்டால் ஒரே அமுக்கில் உருண்டையாக்கிவிடலாம். வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் காயவிடலாம். காட்டுவதா வேண்டாமா என்பதைச் செய்து முடித்தபிறகு முடிவு செய்யலாம் என்ற சலுகை நோட்டில் இல்லை, பாட்டில் நிச்சயம் இல்லை.

இதில் தண்ணீர் ஒரு முக்கியமான விஷயம். கலைவழி சிகிச்சைப் படிப்பில் பொருள்களை இரண்டாகப் பார்ப்பார்கள். பென்சில், ஒட்டுப்படம் போன்றவை எதிர்த்து நிற்கும், கைக்கு அடங்கும். நீர்வண்ணம் ஓடும், சொன்ன பேச்சு கேட்காது. அடங்குகிற பொருள் யோசனையையும் நிதானத்தையும் கூட்டும், ஓடுகிற பொருள் உணர்ச்சியைக் கிளப்பும் என்பது பொதுவான கணக்கு. அதனால் ஏற்கெனவே உணர்ச்சி பொங்கித் தத்தளிப்பவர் கையில் முதல் நாளே நீர்வண்ணத்தைக் கொடுக்கக்கூடாது. மண் இரண்டும் கலந்தது. கெட்டியாகப் பிசைந்தால் எதிர்த்து நிற்கும், தண்ணீர் கூடினால் குழைந்து ஓடும். பையனுக்குக் கெட்டி மண்ணே போதும். வீட்டில் செய்பவர்களுக்கு மூன்று விஷயம் மட்டும்: மிச்ச மண்ணை ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், தூசி நெஞ்சுக்கு ஆகாது. சிங்க்கில் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும், பக்கெட்தான் சரி.

நாலு பேர் பார்த்தால்தான் பாரம் இறங்கும் என்பவர்களுக்கு வடசென்னையை விட்டு வெளியூருக்குப் போகத் தேவையில்லை. ராயபுரம், காசிமேடு, புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் சாவு வீட்டு ராத்திரியில் கானா பாடுவது பழைய வழக்கம். செத்தவர் பேர், அவர் செய்த வேலை, பிள்ளைகள் பேர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிப் பாடுவார்கள். நடுவில் சிரிப்பும் வரும். துக்கத்துக்கு நேரம் ஒதுக்கி, பார்வையாளர்களையும் கூட்டி வைத்த ஏற்பாடு அது. பெண்களுக்கு ஒப்பாரி. நடுவில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் தோளைக் கட்டிக்கொண்டு வாங்கிப் பாட, அதில் இழந்தவள் தன் சொந்தக் கணக்கையும் சேர்த்து ஏற்றிவிடலாம். நேரில் சொன்னால் சண்டை வரக்கூடிய விஷயம் ஒப்பாரியில் வந்தால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. சித்திக்கு அது கிடைக்கவில்லை. சித்தப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் மட்டும் பெரிதாக நின்றது. சித்தியின் துக்கத்துக்கு அதில் இடமில்லை, மச்சான்மார் பெயர்களுக்குத்தான் இடம் இருந்தது.

பையனைக் கானாவுக்கு அனுப்பினால் என்ன என்று அத்தான் ஒருமுறை கேட்டார். எனக்கும் ஆசைதான். 2018-இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடையேறியபிறகு கானா என்றால் முகம் சுளிப்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். அந்தக் குழுவில் பாடும் ராயபுரத்து இசைவாணியை 2020-இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ஆண்கள் கோட்டையாக இருந்த கானாவில் அது சின்ன விஷயம் இல்லை. தாளத்துக்குச் சட்டி போதும், தீப்பெட்டி போதும், செலவு என்று எதுவும் கிடையாது. ஆனால் இன்றைக்குத் தெருவில் யார் பாடினாலும் நாலு கைப்பேசி எழுந்து நிற்கிறது. பாட்டு முடிவதற்குள் ரீல்ஸ் ஆகிவிடும். நாலு பேருக்காகப் பாடியது நாலாயிரம் பேரிடம் போய், யாரோ முகம் தெரியாதவன் கீழே கேலி எழுதுவான். பாடியதைத் திரும்ப உருட்டி வைக்க முடியாது. பதற்றம் உள்ள பதினேழு வயதுப் பையனுக்கு இந்த ஆபத்து பெரிது. கைப்பேசி எடுக்கமாட்டோம் என்று சத்தியம் செய்கிற நண்பர் கூட்டம் இருந்தால் யோசிக்கலாம்.

தையல் இந்தப் பட்டியலில் கடைசியாகத்தான் எங்கள் பேச்சில் வந்தது, சித்தியே தையல் தெரிந்தவர் என்பதால் அதை யாரும் கலையாகவே எண்ணவில்லை. சிலி நாட்டில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, பினோசே ஆட்சியில் காணாமல் போனவர்களின் மனைவிகளும் தாய்மார்களும் துணித்துண்டுகளைச் சாக்குத்துணியில் தைத்துப் படம் செய்தார்கள். அர்பியேரா என்று பெயர். கத்தோலிக்கத் திருச்சபையின் பாதுகாப்பில் கூடி உட்கார்ந்து தைத்தார்கள். காணாமல் போனவரின் சொந்தச் சட்டைத்துணியே சிலவற்றில் இருந்தது. வாயைத் திறந்தால் ஆபத்து என்ற காலத்தில் அந்தத் துணிகள் வெளிநாடுகளுக்குப் போய்ச் செய்தி சொல்லின, தைத்தவர்களுக்குக் கொஞ்சம் காசும் வந்தது. இதில் என்னைக் கவர்ந்தது உட்காரும் விதம். தைக்கும்போது கண் துணியில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. பேசலாம், பேசாமலும் இருக்கலாம், அரைமணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை என்றாலும் அது சங்கடமாக இருக்காது. பார்வையாளர்கள் உண்டு, ஆனால் அவர்களும் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு நின்றுபோன ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டம் எனக்குத் தெரியவில்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வெட்டுத்துணி மலிவாகக் கிடைக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பயிற்சி பெற்ற கலைவழி சிகிச்சையாளரை விட்டுவிட முடியாது. இந்தத் துறைக்கு ஆங்கிலத்தில் ‘ஆர்ட் தெரபி’ என்று பெயர் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர். காசநோய் சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைந்தது தனக்கு உதவியதைக் கண்டு, 1942-இல் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க், படத்தை வைத்து உள்மனதைப் பேச வைக்கலாம் என்றார். ஈடித் கிரேமர், செய்யும் வேலையே குணப்படுத்தும், விளக்கம் கூட இரண்டாம்பட்சம் என்றார். இன்றைக்கும் நீங்கள் போகிற இடம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பேச விரும்பாதவரை முதல் வகையிடம் அனுப்பினால் இரண்டாம் வாரம் நின்றுவிடுவார்.

ஒரே ஒரு ஆள் பார்த்தால் போதும், அந்த ஆள் சொந்தக்காரராக இருக்கக்கூடாது என்பவர்களுக்கு இதுதான் வழி. நல்ல சிகிச்சையாளர் "கறுப்பு அடித்திருக்கிறாய், உனக்குத் துக்கம்" என்று ஜோசியம் சொல்லமாட்டார். "இந்த மூலையைப் பற்றிச் சொல்லு" என்று உங்களையே கேட்பார். வரைந்த தாள் எங்கே இருக்கும், யார் பார்க்கலாம் என்பதை முதல் நாளே பேசிவிடுவார். அதைப் பற்றிக் கேட்டால் மழுப்புகிறவரிடம் போகாதீர்கள். எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்றும் கேளுங்கள், சனி ஞாயிறு வகுப்புச் சான்றிதழோடு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். செலவுதான் பெரிய இடி. ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பது சகஜம், ஒன்றிரண்டில் முடிகிற காரியமும் இல்லை. அண்ணா நகர், அடையாறு பக்கம் இருக்கிற அளவுக்கு இங்கே ஆட்கள் இல்லை. 2021-இலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுவதால் சென்ட்ரலில் மாறி அண்ணா நகர் போய்விடலாம் என்பது ஓர் ஆறுதல்.

ஒரு கோடு மட்டும் தெளிவாகப் போட்டுவிட வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் என்ற பேச்சு வருகிறது, இல்லாத குரல் கேட்கிறது என்றால் முதலில் டாக்டர். மண்ணும் துணியும் அப்புறம். வடசென்னைக்கு ஸ்டான்லி இருக்கிறது, பெரியவர்கள் வாயில் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. அங்கே மனநலப் பிரிவு உண்டு, புறநோயாளிகள் காலையிலேயே போய்விட வேண்டும், காசு கிடையாது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. அந்த ஊர்ப்பெயரையே திட்டுவதற்குப் பயன்படுத்துகிற பழக்கம் நம்மிடம் இருப்பதால் பாதிப்பேர் அங்கே போகக் கூச்சப்படுகிறார்கள், அக்காவும்தான். வெளியே போக முடியாத ராத்திரியில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்படிப் பார்த்ததில் சித்திக்குத் தையல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சித்தப்பாவின் லுங்கிகளையும் இரண்டு சட்டையையும் வெட்டிப் போர்வை தைக்கலாம் என்று நான் சொன்னபோது, "யாருக்குப் போர்த்தப் போறேன் அத?" என்றார். வெட்டவும் விடவில்லை. அப்புறம் எம்.சி. ரோட்டு வெட்டுத்துணியில் ஆரம்பித்தார்கள், பக்கத்து வீட்டு அம்மாவும் மாடிவீட்டுப் பெண்ணும் சேர்ந்து மூன்று பேர். மத்தியானச் சமையல் முடிந்து தண்ணி லாரி வரும்வரை உட்காருகிறார்கள். லுங்கி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

பையனை முதலில் ஸ்டான்லிக்குக் கூட்டிப்போவது, கையோடு வீட்டில் கெட்டி மண் கொடுப்பது என்று பேசி வைத்தோம். டாக்டர் சொல்வதைப் பொறுத்து, சிகிச்சையாளருக்கான செலவை அத்தானும் நானும் பாதிப்பாதி போட்டுக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டோம். அக்காவுக்கு இன்னும் டிராயிங் கிளாஸ்மேல் ஒரு கண். "சர்டிபிகேட்டாவது வருமே" என்கிறாள். பப்ளிக் பரீட்சை முடியட்டும், மறுபடியும் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.